பிரியும் வினையும் பிரியா வினையும்

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறித்தார். அவ்வேங்கடத்தின் அடிவாரமாகிய திருப்பதியிலும், அதனை அடுத்த சித்தூரிலும் வாழும் நாம் எல்லையிலேயே குடியிருப்பவர்கள். இல்லத்தில் தமிழும், வீதியில் தெலுங்கும், அலுவலகத்தில் ஆங்கிலமுமாக நம் பொழுது கழிகின்றது. இவ்வாழ்வில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு மொழியின் இயல்பை மற்றொன்றின் அருகில் வைத்து ஒப்பு நோக்க நமக்கு நாள்தோறும் வாய்ப்புக் கிட்டுகின்றது. அத்தகைய ஒப்பு நோக்கு ஒன்றை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

நடுவண் அரசு அலுவலகமொன்றில் நான் கீழ்நிலை எழுத்தனாகப் பணியேற்ற புதிது. கோப்பினை மேலதிகாரியின் பார்வைக்கு வைப்பதைப் 'புட் அப்' என்பது அலுவலக வழக்கு. 'அதை நாளை வைக்கிறேன்' என்னும் கருத்தில், 'புட் அப் இட்' என்று குறிப்பில் எழுதினேன். பிரிவு அலுவலர் சிவப்பு மையால் 'இட்' என்பதைத் தூக்கி நடுவில் வைத்து, 'புட் இட் அப்' என்று திருத்தினார். காரணம் கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார். அப்பாடத்தை மனத்திற் கொண்டு, மறுவாரம் 'லுக் இட் இன்டு' என்று எழுதினேன். அதையும் அடித்து, 'லுக் இன்டு இட்' என்றார். இம்முறை காரணம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

இவ்விடர்ப்பாடு எனக்கு மட்டும் உரியதன்று. 1755-ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் சான்சன், வினையோடு சிறு சொல் கூடிப் பொருள் மாறும் இவ்வழக்கே அயல்நாட்டார்க்குப் பெருந்தொல்லை தருவது என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார். இதற்கு 'பிரேசல் வெர்ப்' என்னும் பெயர் 1925-இல் லோகன் பியர்சால் சுமித்தின் நூலால் பரவியது. பெயர் கிடைத்ததே தவிர, நம்மவர்க்குத் தெளிவு கிடைக்கவில்லை. நம் பிள்ளைகள் கையில் உள்ள பயிற்சி நூல்கள் பலவும் இவற்றை அகர வரிசையில் அடுக்கி, நெட்டுருச் செய்க என்கின்றன. 'கிவ் அப்' என்றால் கைவிடு, 'கிவ் இன்' என்றால் பணிந்துபோ என்று பட்டியல் நீள்கின்றது. 'இட்', 'ஹிம்' போன்ற மூவிடப்பெயர்கள் எங்கே நிற்கும் என்பதை ஒரு வரியில் விதியாகக் கூறி நகர்ந்துவிடுகின்றன. ஏன் என்று கூறுவதில்லை. இதுவே அந்நூல்களின் பெருங்குறை.

அக்காரணத்தைத் தமிழிலக்கணத்தின் துணைகொண்டு காணலாம். 'வெயிட் ஃபார் ஹிம்' என்னும் தொடரில் 'ஃபார்' யாருக்குச் சொந்தம்? 'ஹிம்' என்பதற்கே. 'அவனுக்காகக் காத்திரு' என்று நாம் கூறுங்கால், 'ஆக' என்பது 'அவனுக்கு' என்பதோடு ஒட்டி நிற்கின்றதன்றோ? நம் உருபு பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் அது முன்னால் வரும். இடம் வேறு, தொழில் ஒன்று. உருபைப் பெயரினின்று பிரிக்கலாகாது. ஆகவே 'லுக் இன்டு இட்', 'டிபெண்ட் ஆன் ஹிம்' என்பவற்றில் மூவிடப்பெயர் இறுதியில்தான் நிற்கும்.

'புட் இட் ஆஃப்' என்பதில் நிலைமை வேறு. இங்கே 'ஆஃப்' பெயருக்கு உரிய உருபன்று. வினையின் பொருளையே மாற்றும் துணை. 'புட்' என்றால் வை. 'ஆஃப்' சேர்ந்தால் தள்ளிப்போடு. இத்துணை வினைக்கு உரியதாகலின் பெயரைத் தாண்டியும் நிற்க வல்லது. 'புட் ஆஃப் த மீட்டிங்' என்றும், 'புட் த மீட்டிங் ஆஃப்' என்றும் கூறலாம். மூவிடப்பெயராயின் நடுவில் மட்டுமே இடம். ஏனெனில் ஆங்கிலம் தொடரின் இறுதியில் அழுத்தம் பெறும் சொல்லை விரும்புவது. முன்பே அறிந்த ஒன்றைச் சுட்டும் 'இட்' அழுத்தமின்றி ஒலிப்பது. 'ஆஃப்' அழுத்தத்தோடு ஒலிப்பது.

நாம் ஏன் தவறுகின்றோம்? தமிழில் 'தள்ளிப்போடு' என்றாலே போதும். 'அதை' என்பது குறிப்பால் விளங்கும். உள்ளத்தில் இல்லாத 'அதை' ஆங்கிலத்துக்கு வேண்டும் என்பது பின்னரே நினைவுக்கு வர, அதனைக் கடைசியில் ஒட்டுகின்றோம். 'டிஸ்கஸ் அபவுட் இட்' என்று நாம் எழுதுவதும் இத்தகையதே. 'அதைப் பற்றி' என்பதில் உள்ள 'பற்றி', வேண்டாத இடத்திலும் உடன் வந்துவிடுகின்றது.

இனி நம் செல்வத்தை எண்ணுவோம். ஆங்கிலம் வினையோடு சிறு சொல்லைக் கூட்டிச் செய்வதை, தமிழ் வினையோடு வினையைக் கூட்டிச் செய்கின்றது. கண்டுபிடி, பார்த்துக்கொள், ஏற்றுக்கொள், விட்டுக்கொடு என்பன காண்க. விடுதலும் கொடுத்தலும் சேர்ந்து பிறந்த 'விட்டுக்கொடு', அவ்விரண்டையும் கடந்த ஒரு பண்பையே குறிக்கின்றது. இவற்றின் நடுவே பெயர் புகாது. எனினும் இடைச்சொல் புகும். 'விட்டுத்தான் கொடேன்' என்று தாய் மூத்த பிள்ளையிடம் கூறுவதில் 'தான்' நடுவில் அமர்ந்திருப்பதைக் கேட்கலாம். தெலுங்கும் இச்செல்வத்தில் பங்குடையது. நம் 'ஒப்புக்கொள்' அவர்களின் 'ஒப்புகோ'. நம் 'பார்த்துக்கொள்' அவர்களின் 'சூசுகோ'. தெலுங்குப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைக்கு இவ்வுறவைக் காட்டினால், இரு மொழிகளும் ஒருங்கே விளங்கும்.

ஆனால் காட்டுவார் யார்? சென்ற ஆண்டு என் மகள் பாடப்புத்தகத்துடன் வந்து, "அப்பா, 'புட் இட் ஆஃப்' என்பதற்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். "போஸ்ட்போன் பண்ணு" என்றேன். அவள் சிரித்தாள். "அதுவும் ஆங்கிலம்தானே" என்றாள். அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. தள்ளிப்போடு, தள்ளிவை, ஒத்திவை என்னும் மூன்று சொற்களும் என் தாய் நாவில் தவழ்ந்தவை. மூன்றில் ஒன்றும் என் நாவில் எழவில்லை.

'விளக்கை ஆஃப் பண்ணு' என்கிறோம். 'சுவிட்ச் ஆஃப்' என்பதில் வினையாகிய 'சுவிட்ச்' போய்விட்டது. சிறு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு 'பண்ணு' சேர்த்துவிட்டோம். தெலுங்கரும் இவ்வாறே 'செய்யி' சேர்க்கின்றனர். இதனைப் பெருங்கேடு என்று கூறேன். 'பண்ணினேன், பண்ணுவாள்' எனக் காலமும் இடமும் பாலும் காட்டுவது இன்றும் தமிழ் இலக்கணமே. புதுப் பொருள் வரும்போது புதுச் சொல் வருதல் இயல்பு.

என் கவலை வேறு. திருமலையில் வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் மணிக்கணக்கில் இருக்கும் நம்மவர், 'வெயிட் பண்ணுகிறோம்' என்கின்றனர். காத்தலும் இருத்தலும் கூடிய 'காத்திரு' என்னும் சொல் அவர்கள் செயலுக்கு எத்துணைப் பொருத்தம்! உடன்பிறந்தார் பூசலில், 'விட்டுக்கொடு' என்ற இடத்தில் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்கிறோம். 'அட்ஜஸ்ட்' என்பதில் இசைவு உண்டு. விடுதலும் இல்லை, கொடுத்தலும் இல்லை. சொல் போகும்போது, அச்சொல் கற்பித்த பண்பை உணர்த்தும் வழியும் குறுகிப் போகின்றது.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆங்கில வினை ஒன்றைக் கற்கும்போது, அச்சிறு சொல் பெயருக்கு உரியதா வினைக்கு உரியதா என்று கேளுங்கள். உடனே அதற்கிணையான தமிழ் வினையைச் சொல்லுங்கள். நாளைக்கு என்று அதனைத் தள்ளிப்போட வேண்டா.