ஒரே ஒரு சுற்று

தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தில்தான் கதாசிரியனின் சாயம் வெளுக்கும். முன்னே விதைக்காததை அங்கே அறுக்க முடியாமல், காணாமற்போன அண்ணனையோ ஒரு ரயில் விபத்தையோ கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. இதற்கு மாறாக, கடைசி அத்தியாயம் எப்படி விளைய வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு மோட்டார் பந்தயம் உதாரணமாகக் கிடைத்திருக்கிறது. வாசகர்கள் சிரிக்க வேண்டாம்.

1992 நவம்பர் 15. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா மைதானம். ஸ்டாக் கார் என்பது தெருவில் ஓடும் காரின் தோற்றத்தில் பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டி. ஒன்றரை மைல் நீள்வட்டப் பாதையில் 328 சுற்று, 500 மைல். அந்த வருஷத்து 29 பந்தயங்களில் அதுவே கடைசி. ஆறு பேருக்கு இன்னும் சாம்பியன் பட்டத்துக்கு வழி இருந்தது. டேவி அலிசன் முன்னணியில். 30 புள்ளி பின்னால் ஆலன் குல்விக்கி. 40 பின்னால் பில் எலியட்.

அன்றைக்கு 200 வெற்றிகளும் ஏழு பட்டங்களும் கண்ட ரிச்சர்ட் பெட்டி ஓய்வு பெற்றார். பின்னாளில் நான்கு பட்டங்கள் பெற்ற ஜெஃப் கார்டனுக்கு அதுவே முதல் பந்தயம். நடுவில் பெட்டியின் வண்டி தீப்பிடித்தது. ஒட்டுப்போட்டு முடிவுக்கு வந்து சேர்ந்தார். கதையாக எழுதி அனுப்பினால் பத்திரிகை ஆசிரியர் நம்பமாட்டார். ஆனால் இவையெல்லாம் கோபுரத்து விளக்குகள். கர்ப்பக்கிருகம் வேறு.

அலிசன் மோதலில் சிக்கி விலகினார். மிஞ்சியவர் இருவர். எலியட் அந்த வருஷம் ஐந்து பந்தயங்கள் வென்றவர். பெரிய முதலாளி ஜூனியர் ஜான்சனின் ஓட்டுநர். குல்விக்கி இயந்திரப் பொறியியல் படித்தவர். அதே ஜான்சன் கூப்பிட்டபோது மறுத்து, சொந்தச் சிறு குழுவை நடத்தினார். வென்றவை இரண்டே.

இனி கணக்கு. முதலிடத்துக்கு 175, இரண்டாமிடத்துக்கு 170. ஒரு சுற்றாவது முன்னணியில் ஓடினால் 5. மற்ற எவரையும்விட அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவருக்கு இன்னொரு 5. குல்விக்கியின் ஆட்கள் இந்தக் கடைசி ஐந்தைக் குறிவைத்தார்கள். பெட்ரோலுக்கு உள்ளே வருவதைத் தள்ளித் தள்ளி, 310ஆவது சுற்றுவரை அவரை முன்னே ஓடவிட்டார்கள். பந்தயத்தை எலியட் ஜயித்தார், குல்விக்கி இரண்டாவது. முன்னணியில் ஓடிய சுற்றுகள் குல்விக்கிக்கு 103, எலியட்டுக்கு 102. இருவருக்கும் 180 புள்ளி. பழைய பத்துப் புள்ளி வித்தியாசம் அப்படியே நின்றது, பட்டம் குல்விக்கிக்கு. ஒரே ஒரு சுற்று கை மாறியிருந்தால் இருவரும் சமம். அதிக வெற்றி பெற்ற எலியட்டே சாம்பியன்.

ஆக, உச்சக்கட்டம் கோட்டைத் தாண்டும்போது நிகழவில்லை. பதினெட்டுச் சுற்றுக்கு முன்பே, ஒரு வண்டி எண்ணெய் போட ஒதுங்கிய வேளையில் நடந்துவிட்டது. கொட்டகை அதிரும் காட்சியல்ல அது.

ஐந்து வென்றவர் இரண்டு வென்றவரிடம் தோற்பது நியாயமா? எலியட்டின் ரசிகர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆறு பந்தயங்கள் பாக்கியிருந்தபோது குல்விக்கி 278 புள்ளி பின்னால் இருந்தார். அதை ஈடுகட்டியவரை எப்படிக் குறை சொல்வது?

சங்கத்தாருக்கு மட்டும் இப்படித் தானாக விளையும் முடிவு போதவில்லை. 2004இல் கடைசிப் பத்துப் பந்தயங்களுக்கென்று புள்ளிகளை மாற்றி வைத்தார்கள். 2014இல் கடைசிப் பந்தயத்தில் நால்வரைச் சமமாக நிறுத்தி, அவர்களில் முந்துகிறவருக்கே பட்டம் என்றார்கள். வாராவாரம் ‘திடுக்கிடும் திருப்பம்’ கேட்கிற பத்திரிகை முதலாளியின் புத்திதான் இது. இருந்தாலும் 2011இல் டோனி ஸ்டூவர்ட்டும் கார்ல் எட்வர்ட்ஸும் சரிசமமாக முடித்து, வெற்றிகளின் எண்ணிக்கையால் ஸ்டூவர்ட்டுக்குப் பட்டம் போனதை நல்ல கட்டமென்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1993 ஏப்ரல் முதல் தேதி குல்விக்கி விமான விபத்தில் இறந்தார். கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுபோய் முடிக்கிறார்கள். அந்த மரணம் துக்கமானது. ஆனால் இந்தக் கதையில் விளைந்ததல்ல. அது ரயில் விபத்து அத்தியாயம். என்னிடம் கேட்டால், அட்லாண்டாவில் பட்டம் கிடைத்ததும் அவர் வண்டியைத் திருப்பிய இடத்தில் முடிப்பேன். அங்கே எல்லோரும் இடஞ்சுழியாகத்தான் ஓடுவார்கள். அவர் பிரதட்சிணம் செய்வதுபோல வலஞ்சுழியாகப் போனார். அப்படிப் போனால் ஓட்டுநரின் ஜன்னல் ஜனங்களின் பக்கம் இருக்கும், கையசைக்கலாம்.