வியப்புக்கு இறைநம்பிக்கை இன்றியமையாததோ?

கடவுளை மறுத்தவனுக்குக் கலை இல்லை, ஆய்வுக்கூடம் புகுந்தவனுக்கு வியப்பு இல்லை என்னும் கருத்து நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் கேட்டு வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய ஐயம் எழுதல் இயல்பே. உப்பலில் வாழும் நமக்கு இஃது ஏட்டளவிலான வினா அன்று. 1961இல் தோன்றிய தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும், 1977இல் தோன்றிய உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் உப்பல் சாலையிலேயே உள்ளன. அறிவியல் கற்ற பிள்ளை தேவாரத்தை மறந்துவிடுவானோ என்று அஞ்சும் பெற்றோரும், தேவாரம் எனக்கு எதற்கு என்று வினவும் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். இவ்வழக்கைத் தீர்க்க நம் இலக்கியத்திலேயே தக்க சான்று ஒன்று உண்டு. அது பாரதிதாசனின் 'அழகின் சிரிப்பு'.

1926இல் 'மயிலம் சுப்பிரமணியர் துதியமுது' பாடிய அதே கை, சுயமரியாதை இயக்கத்தின் சார்பில் நின்று இறைமறுப்பைப் பாடியது. 1944இல் 'அழகின் சிரிப்பை'த் தந்தது. நம்பிக்கை மாறியபோது கவிஞரின் கண் குருடாகிவிட்டதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. நூலுக்குள் புகுந்தால் விடை எளிதிற் கிட்டும். கடல், தென்றல், காடு, குன்றம், ஆறு, ஞாயிறு, இருள், புறாக்கள், கிளி எனத் தலைப்புகள் தொடர்கின்றன. சிற்றூரையும் பட்டணத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. இரை உண்ண வட்டமாய்க் கூடிய புறாக்களை இதழ் விரிந்த தாமரையாகக் காண்கிறார். பூத்தொடுக்கும் பெண்ணின் விரல் வளைவிலும், கலப்பையைத் தோளிற் சுமந்து செல்லும் உழவனின் நடையிலும் அழகைக் கண்டு மகிழ்கிறார். கருவறையில் மட்டுமே குடியிருந்த வியப்பு, வயல் வரப்புக்கும் வாசல் திண்ணைக்கும் வந்துவிட்டது. இதனை வியப்பின் இழப்பு என்பதா, பரப்பு என்பதா?

ஈண்டுத் தடை எழுப்புவார் உளர். "அழகை ஒரு பெண்ணாக உருவகித்துப் பாடுகின்றாரே; முன்வாசல் வழியே அனுப்பிய தெய்வத்தைப் பின்வாசல் வழியே அழைத்துக்கொண்டார் அல்லரோ?" என்பர். இத்தடை புறந்தள்ளத் தக்கதன்று. துதிப் பாடலில் கவிஞன் விளித்துப் பேசுவதற்கு ஒரு 'நீ' உண்டு. அந்த 'நீ'யை இழந்த கவிஞர், அழகுக்கே ஓர் உருவம் தந்து அவ்விடத்தை நிரப்பினார் என்பது உண்மையே. ஆயினும் அப்பெண்ணிடம் அவர் வரம் வேண்டவில்லை, முறையிடவில்லை, அவளுக்கு அஞ்சவுமில்லை. கண்டதைச் சொல்லி மகிழ்வதோடு நின்றுவிடுகிறார். உருவகம் கலையின் கருவி. வழிபாடு அதனினும் வேறானது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் தடை வலிவிழக்கும்.

எனினும் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. அவர் கடவுளை மறுத்து வாதிடும் பாடல்களில் வேகம் உண்டு, சினம் உண்டு, வியப்பு அரிது. வாதம் புரியும்போது எதிரியே கண்முன் நிற்கிறான், புறா நிற்பதில்லை. இக்குறை நாத்திகத்துக்கு மட்டும் உரியதன்று. பிற சமயத்தாரைச் சாடப் புகுந்த பக்திப் பாடல்களுக்கும் இது பொருந்தும். ஆகவே வியப்பைக் கெடுப்பது வாதிடும் மனநிலையே.

அறிவியலின் மீதான குற்றச்சாட்டுக்கும் இவ்வாறே விடை காணலாம். சார்லசு டார்வின், 1876இல் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றில், இளமையில் தாம் விரும்பிய கவிதையை முதுமையில் படிக்கவே இயலவில்லை என்று வருந்துகிறார். இதனை அறிவியலுக்கு எதிரான சாட்சியாகக் காட்டுவோர் பலர். ஆனால் மீண்டும் ஒரு வாழ்வு கிடைப்பின், வாரம் ஒருமுறையேனும் கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வேன் என்றும் அவரே எழுதியிருக்கிறார். பழகாத உறுப்பு சூம்பிவிட்டது என்பதே அவர் கண்ட காரணம். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் இதற்கு மறுதலைச் சான்று. தம்மை நாத்திகர் என்றே கூறிக்கொண்ட அவர், அறிவியலில் அழகின் இடத்தை ஆராய்ந்து 1987இல் 'உண்மையும் அழகும்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் வெளியிட்டார். நம் உப்பல் சாலையின் மூலக்கூறு உயிரியல் மையத்தை நிறுவிய புட்பமித்ர பார்கவா, பகுத்தறிவாளராகவே அறியப்பட்டவர். அவரும் 2014இல் சந்தனா சக்கரவர்த்தியுடன் இணைந்து எழுதிய நூலில், அறிவியலையும் கலையையும் அழகின் இரு முகங்கள் என்றே குறித்தார்.

இவ்வூர்ப் பாறைகளையே பார்ப்போம். ஐதராபாத்தின் கருங்கற் குன்றுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு அகவையுடையன என்கிறது புவியியல். பூமியின் ஆழத்திற் குழம்பாய் இருந்து மெல்லக் குளிர்ந்து இறுகியவை அவை. மேலிருந்த படலங்கள் தேய்ந்தபின் வெளிப்பட்டவை. இதனை அறிந்தபின் அக்குன்றின்மேல் விழும் அந்தி ஒளி மங்கிவிடுமா? குன்றுதோறும் குமரனைக் கண்டது ஒரு வியப்பு. குன்றுக்குள் காலத்தைக் காண்பது மற்றொரு வியப்பு.

அறிவியலும் இறைமறுப்பும் தர இயலாதது ஒன்று உண்டு. அது துயரில் ஆறுதல். மகனை இழந்த தாய்க்கு 250 கோடி ஆண்டுக் கணக்கு மருந்தாகாது. 'அழகின் சிரிப்பும்' அப்பணிக்கென எழுதப்பட்டதன்று. தேவாரமோ அவளுக்கு ஒரு செவியைத் தருகின்றது. வியப்பு வேறு, ஆறுதல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதாலேயே, ஆறுதல் இல்லாதவிடத்து வியப்பும் இல்லை என்று நம்மவர் முடிவுகட்டினர்.

ஆதலின், நம்பாத பிள்ளையிடம் தேவாரத்தைப் பறித்தலும் வேண்டா, திணித்தலும் வேண்டா. அழும் மனிதனின் குரலாக அதனைக் கேட்கச் செய்வோம். நம்பும் பெரியவர் கையில் 'அழகின் சிரிப்பை'க் கொடுப்போம். தெலுங்கு வழங்கும் இம்மண்ணில் தமிழ் தழைக்க இரு நூலும் நம் வீட்டில் வேண்டும். புறா தாமரையாவதைக் காணும் கண் இருவர்க்கும் பொதுவன்றோ!