டைரியில் கண்ணீரைத் தேடாதீர்கள்

மேரி ஷெல்லி என்றதும் நம் ஆட்களுக்குக் கழுத்தில் ஆணி அடித்த பூதம்தான் ஞாபகம் வருகிறது. அது 1931 ஹாலிவுட் படம் போட்டுவிட்ட வேஷம். அவருடைய ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலில் ஆணியும் கிடையாது, சதுரத் தலையும் கிடையாது. “பேய்க்கதைதானே”, “பழைய இங்கிலீஷ், பல் உடைந்துவிடும்” என்று சாக்குச் சொல்லி ஒதுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரி, பூதத்தை விடுங்கள். மேரியின் டைரிக்கு வாருங்கள்.

அதற்கு முன்பு ஒரே மூச்சில் அடிப்படைகள். 1797இல் லண்டனில் பிறந்தார். பெண்ணுரிமைக்காக எழுதிய தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், மகளைப் பெற்ற சில நாள்களில் பிரசவக் காய்ச்சலில் இறந்தார். தந்தை தத்துவவாதி வில்லியம் காட்வின். பதினாறு வயதில், 1814 ஜூலை 28 அன்று, ஏற்கெனவே கல்யாணமான கவிஞர் ஷெல்லியுடன் பிரான்சுக்கு ஓடினார். 1818இல் ‘பிராங்கன்ஸ்டைன்’ ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. 1822இல் ஷெல்லி இத்தாலியக் கடலில் மூழ்கினார். மேரி பெற்ற நான்கு குழந்தைகளில் பிழைத்தது ஒன்று. போதும், மிச்சம் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேரிக்கு ஒரு டைரி அல்ல, இரண்டு டைரி. இந்த வித்தியாசம் பிடிபடாதவர் அவருடைய மனத்தைப் பற்றி எழுதவே கூடாது என்பது என் கட்சி. 1822 வரையிலான நோட்டுகள் மளிகைக் கடைப் பற்றுவரவு போல இருக்கும்: யார் வந்தார், எங்கே நடந்தோம், என்ன படித்தோம். கணவர் இறந்தபின், அக்டோபரில், புது நோட்டு ஒன்றைத் தொடங்கி அதற்குத் துயரத்தின் டைரி என்றே தலைப்பிட்டார். அதில் பக்கம் பக்கமாகப் புலம்பல். புதியவர்கள் நேரே அங்கேதான் ஓடுகிறார்கள். வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்களும் அப்படித்தான். அழுகை கிடைத்துவிட்டால் ஆழம் கிடைத்துவிட்டது என்று நினைப்பு! ஒரு மகாகவியின் விதவை எப்படிப் பேச வேண்டும் என்பது அந்த நோட்டுக்கு நன்றாகவே தெரியும். துக்கம் பொய்யில்லை; ஆனால் அது சபையை உணர்ந்த துக்கம்.

முதல் நோட்டு வேறு ஜாதி. ஓடிப்போன அன்றைக்கே அதைத் தொடங்கியவர் ஷெல்லி. ஆரம்பத்தில் இருவரும் மாறி மாறி எழுதினார்கள். கணவன் எப்போது வேண்டுமானாலும் திறக்கக்கூடிய நோட்டில் ஒரு பெண் எதை எழுதுவாள்? எழுதாமல் விட்ட இடம்தான் அவளுக்கென்று இருந்த தனியறை. 1815 மார்ச் 6ஆம் தேதியைப் பாருங்கள். குறைமாதத்தில் பிறந்த, பெயர்கூட வைக்காத குழந்தை இறந்து கிடக்கிறது. அந்தச் செய்தி சில சொற்களில் முடிகிறது. ஒரு நண்பருக்கு ஆள் அனுப்புகிறார். மாலையில் ஏசு சபையினரின் வீழ்ச்சியைப் பற்றிய புத்தகத்தைப் படித்ததாகக் குறிக்கிறார். கல்நெஞ்சம் என்பீர்களா? இரண்டு வாரம் கழித்து அதே நோட்டில் ஒரு கனவு வருகிறது. குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்திருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது. அதையும் நீட்டாமல் எழுதுகிறார். இதைப் படித்தபின் அந்த விதவை நோட்டு எனக்குச் சத்தமாகத்தான் கேட்கிறது.

உடனே “செத்த குழந்தைதான் பூதம்” என்று கூட்டல் கணக்குப் போடும் உளவியல் விமரிசகர்களிடம் போய்விடாதீர்கள். ‘பிராங்கன்ஸ்டைன்’ தொடங்கிய நாள்கள் அடங்கிய நோட்டே நம் கையில் இல்லை. 1815 மே மத்தியிலிருந்து 1816 ஜூலை வரைக்குமான பகுதி தொலைந்துவிட்டது. ஜெனீவா ஏரிக்கரை, மழை, தூக்கமில்லாத இரவு என்று நாவல் பிறந்த கதையாக எல்லோரும் ஒப்பிப்பது 1831 மறுபதிப்புக்கு அவரே எழுதிய முன்னுரை. பதினைந்து வருஷம் கழித்து, பதிப்பாளர் கேட்டு எழுதியது. சுவையான எழுத்துதான். அதை அந்தரங்கம் என்று எடுத்துக்கொள்வது அப்பாவித்தனம்.

1819 ஜூனில் ரோமில் மகன் வில்லியம் இறந்தபோது டைரியே நின்றுவிட்டது. ஆகஸ்டு 4, ஷெல்லியின் பிறந்தநாள் அன்றுதான் மறுபடி பேனா எடுக்கிறார். அந்த இரண்டு மாத வெள்ளைத் தாளைத் தாண்டி நேரே ‘மதில்டா’ என்ற குறுநாவலுக்குப் போங்கள். அதைத்தான் அப்போது எழுதத் தொடங்கினார். மகள்மீது தகாத ஆசை கொண்ட ஒரு தந்தையின் கதை. அச்சிட ஏற்பாடு செய்வார் என்று சொந்தத் தகப்பனாருக்கே அனுப்பினார் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்கு என்ன பெயர் வைப்பது! காட்வின் முகம் சுளித்துக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பித் தரவே இல்லை. 1959இல்தான் அது அச்சேறியது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். 1826இல் வந்த ‘கடைசி மனிதன்’ மூன்று பாகம். முதல் பாகத்தை நான் புரட்டித்தான் கடப்பேன். அரசியல், காதல், மறுபடி அரசியல். கொள்ளைநோய் வந்தபிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. அதில் வரும் ஏட்ரியன்தான் ஷெல்லி என்றும் ரேமண்ட்தான் கவிஞர் பைரன் என்றும் அடையாளம் காட்டிவிட்டுப் பேராசிரியர்கள் ஓய்ந்துவிடுவார்கள். நீங்கள் கதைசொல்லி லயனல் வெர்னியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் செத்தபின் மிஞ்சுகிற அந்த ஆண் பிள்ளைதான் மேரி.