எண்ணிக்கையும் ஏற்றமும்: ஆராய்ச்சியை அளக்கும் முறை பற்றிய ஒரு விசாரம்

பிறர் வாக்கை எடுத்துரைப்பது வேறு. அதனை ஏற்பது வேறு. இவ்வேற்றுமையை அறியாதவன் பாஷ்ய நூல்களில் ஒரு பக்கமும் நகர இயலாது. ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் மஹாபூர்வபக்ஷம் விரிவாக நிறுத்தப்பட்ட பின்னரே மஹாஸித்தாந்தம் தொடங்குகிறது. எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்தது அதனைக் களைவதற்காகவே. அவ்வாதம் எத்தனை முறை குறிக்கப்பட்டது என்று எண்ணி, மிகுதியாகக் குறிக்கப்பட்டதால் பாஷ்யகாரர்க்கு உடன்பாடானது அதுவே என்று ஒருவன் முடிவு கட்டினால், அவன் நூலைத் திறந்தானேயன்றி வாசிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அறிவியல், மருத்துவம், மொழி, வரலாறு, சமயம் ஆகிய எல்லாத் துறைகளிலும் இன்று ஆராய்ச்சியை மதிப்பிடும் முறையில் இப்பிழையே விதியாக நிலைபெற்று வருகிறது.

இம்முறையின் தோற்றம் ஆராயத்தக்கது. அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு 1955ஆம் ஆண்டு ‘ஸயன்ஸ்’ இதழில் மேற்கோள் அடைவு ஒன்றை முன்மொழிந்தார். ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எவரெவர் குறித்தனர் என்று தொகுத்துக் காட்டுவது அதன் பணி. ஒரு தீர்ப்பு பின்னர் உறுதி செய்யப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்று வழக்கறிஞர்களுக்குக் காட்டிவந்த சட்ட அடைவே அதற்கு முன்மாதிரி. பிழைபட்ட முடிவுகளும் காலங்கடந்த தரவுகளும் ஆராயாமல் மேற்கோளாவதைத் தடுப்பதும், முந்தைய கட்டுரைக்கு எழுந்த மறுப்புகளை ஆய்வாளன் அறியச் செய்வதுமே அவர் கூறிய நோக்கம். ஆக, பூர்வபக்ஷம் எது, ஸித்தாந்தம் எது என்று தெளிவதற்கே அக்கருவி உண்டாயிற்று. அதில் குறை காண இடமில்லை.

குறை பின்னர் நேர்ந்தது. அடைவிலிருந்து ஆய்விதழ்களுக்குத் ‘தாக்கக் காரணி’ என்னும் எண் வகுக்கப்பட்டது. ஓரிதழில் முந்தைய ஈராண்டுகளில் வெளியானவை ஓராண்டில் பெற்ற மேற்கோள்களை, அவ்வீராண்டுக் கட்டுரைகளின் தொகையால் வகுத்துப் பெறும் ஈவு அது. எவ்விதழை அடைவில் சேர்ப்பது, எதனை நூலகத்திற்கு வாங்குவது என்று முடிவு செய்யவே அது பயன்பட்டது. காலப்போக்கில் இதழுக்குரிய எண், அதில் எழுதியவரின் தகுதிக்கும் அளவாயிற்று.

இது பொருந்தாது என்பதற்கு ஒரு சான்று போதும். ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா’ இதழின் முதற்பிரிவில் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்பவர், படிக அமைப்புகளைக் கண்டறியும் தம் கணினி நிரல்களின் வரலாற்றை 2008இல் எழுதினார். அந்நிரல்களைப் பயன்படுத்தியோர் அனைவரும் அக்கட்டுரையைக் குறித்தனர். விளைவாக 2008இல் 2.051 ஆக இருந்த அவ்விதழின் காரணி 2009இல் 49.926 ஆயிற்று. ஈராண்டு எல்லையை அக்கட்டுரை கடந்ததும் எண் மீண்டும் 2 அளவுக்கே இறங்கியது. இடைக்காலத்தில் மற்றவர் எழுதிய கட்டுரைகள் உயரவுமில்லை, பின்னர் தாழவுமில்லை. ஒருவர் உழைப்பின் பயன் அண்டையில் அச்சானோர் அனைவர்க்கும் கணக்கில் ஏறியது, அவ்வளவே.

மருத்துவத்தில் இப்பிழை உயிரோடு தொடர்புடையது. தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியை ஆட்டிஸத்தோடு தொடர்புபடுத்தி, 12 குழந்தைகளை மட்டும் கொண்டு ஆன்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் எழுதிய கட்டுரை 1998இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. 2010இல் இதழே அதனைத் திரும்பப் பெற்றது. அக்கட்டுரை மிகப் பலரால் குறிக்கப்பட்டது. குறித்தவருள் பெரும்பாலோர் மறுப்பதற்காகவே குறித்தனர். எண்ணுக்கோ மறுப்பும் ஒன்று, ஏற்பும் ஒன்று. மறுப்புகளைக் காட்டப் பிறந்த அடைவு, எண்ணாகச் சுருங்கியபோது அம்மறுப்புகளையே புகழாக மாற்றிக் காட்டலாயிற்று.

ஈராண்டு என்னும் எல்லையும் ஆராய்ச்சியின் இயல்புக்கு ஒவ்வாதது. கிரெகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபுப் பண்புகளை ஆராய்ந்து 1866இல் அச்சிட்ட கட்டுரையின் பெருமையை உலகம் உணர்ந்தது 1900இல். சோதனைச் சாலைத் துறைக்கே இக்கதி எனில், ஒரு பாடபேதத்தைத் தீர்மானிக்கப் பல்லாண்டுகள் ஓலைச்சுவடிகளோடு வாழ்பவரின் பணிக்கு ஈராண்டு எம்மூலைக்கு?

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழலாம்: விண்ணப்பிப்போர் பலர், தேர்வாளர் சிலர், எல்லார் நூலையும் வாசிப்பது இயலாது, வாசிப்பவருக்கு விருப்பு வெறுப்பு உண்டு, எண்ணுக்கு இல்லை என்று. இதில் உண்மை இல்லாமலில்லை. உறவும் செல்வாக்கும் பார்த்து இடம் வழங்கப்பட்டதைக் கண்டவர்களே எண்ணை விரும்பினர். ஆயினும் பாரபக்ஷத்திற்குப் பரிஹாரம் மேலும் பலர் வாசித்துக் காரணத்தோடு தீர்ப்பெழுதுவதே, எவரும் வாசியாதிருப்பதன்று. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம், இதழின் காரணியைத் தனியாள் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தலாகாது என்றது. 2015இல் வெளியான லெய்டன் அறிக்கை, எண்கள் அறிஞர் தீர்ப்புக்குத் துணையாகலாமேயன்றி அதற்கு மாற்றாகா என்பதைப் பத்து நெறிகளில் விரித்தது. எண்களையே ஆராய்பவர்கள் கூறியதாதலின் இது கவனத்திற்குரியது.

பாரதத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறையில் உள்ள புள்ளி அட்டவணையை நோக்குக. மொழி முதலான துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 புள்ளி. மொழிபெயர்த்த முழு நூல் ஒன்றுக்கு 8. கட்டுரை வெளியான இதழின் காரணி பத்துக்கு மேற்பட்டால் 30 புள்ளி கூடும்; காரணியே இல்லாத இதழாயின் 5. திருவாய்மொழி ஈட்டின் மணிப்பிரவாள நடையைத் தமிழாக்கிப் பு. ரா. புருஷோத்தம நாயுடு அளித்த பத்துத் தொகுதிகளைச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மொழிபெயர்ப்பு என்ற வகையில் இவ்வட்டவணைப்படி அவை 80 புள்ளி பெறும். அதாவது எட்டுக் கட்டுரைகளுக்கு ஈடு. ஒரு தொகுதி ஒரு கட்டுரைக்கும் தாழ்ந்தது. இதனைக் கண்ட இளம் ஆய்வாளர் ஈட்டின் ஒரு பதிகத்தில் இறங்குவாரா, கட்டுரை எண்ணிக்கையைப் பெருக்குவாரா? அட்டவணை வாய்திறந்து எதையும் தடுக்கவில்லை. வேண்டாம் என்று மட்டும் குறிப்பாகச் சொல்லிவிடுகிறது.

வ்யாக்யான மரபும் எண்ணை அறியாததன்று. முப்பத்திரண்டு எழுத்துகள் கொண்டது ஒரு கிரந்தம் எனக் கணக்கிட்டே ஆறாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று பெயரிட்டனர். ஈட்டின் அளவு 11,52,000 எழுத்துகள் என்று அதன் பெயரே கூறிவிடும். ஆனால் அவ்வெண் நூலின் அளவைச் சொல்லிற்றேயன்றி அதன் ஏற்றத்தைச் சொல்லவில்லை. எம்பெருமானார் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படியை, ஈட்டில் ஆறிலொரு பங்கு என்று தாழ்த்தியவர் எவருமில்லை. எண் தன் இடத்தில் நின்றது. மதிப்பு காலக்ஷேபத்தில், வரிவரியாக வாசித்தவர்களால் நிர்ணயிக்கப்பட்டது. ஆராய்ச்சியை மதிப்பிட அமர்வோர், விண்ணப்பதாரரின் ஒரு கட்டுரையையேனும் முழுமையாக வாசித்த பின்னரே அட்டவணையைத் திறப்பது என்று தொடங்கினால், எண்ணும் தன் பழைய இடத்திற்குத் திரும்பும்.