பாரியின் குளமும் பெங்களூரின் ஏரிகளும்

பாரி மறைந்தபின் கபிலர் பாடிய பாட்டு புறநானூற்றில் 118ஆம் பாட்டாக அமைந்துள்ளது. பறம்பு நாட்டில், பாறைகளும் சிறு குன்றுகளும் கூடும் இடத்தில், எட்டாம் நாள் நிலவைப்போல் வளைந்த கரையுடைய சிறு குளம் உடைகின்றது என்பதே அதன் பொருள். இதனைக் கையறு நிலையின் துயரம் என்று மட்டும் கூறி அமைவது போதாது என்பது நம் கருத்து.

வள்ளல் மாண்டபின்னும் மழை பெய்கின்றது, நீரும் வருகின்றது. கரையைக் காப்பார்தாம் இல்லை. ஏரியும் குளமும் இயற்கை தந்த கொடை மட்டும் அல்ல. மக்கள் கட்டி, ஆண்டுதோறும் பேணவேண்டிய அமைப்புகள். இவ்வுண்மை அப்பாட்டினுள் அடங்கியிருக்கின்றது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் பாடிய 18ஆம் பாட்டோ, பள்ளமான நிலத்தில் நீரைத் தேக்குக என அறிவுறுத்துவது. ஒன்று ஆக்கலைக் கூறிற்று. மற்றொன்று காவாமையின் அழிவைக் காட்டிற்று. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்கே சங்கப் புலவரின் நீர்நோக்கு முழுமையாக விளங்கும்.

இந்நோக்கோடு நாம் வாழும் ஊரைக் காண்போம். கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் நிலத்தில், 1978இல் 332 ஏக்கரில் தோன்றியது எலெக்ட்ரானிக் சிட்டி. பேராறு பாயாத பெங்களூருக்கு ஏரிகளே உயிராக இருந்தன. 1043இல் பட்டந்தூர் ஏரி கட்டப்பட்ட செய்தியைக் கடுகோடியின் தமிழ்க் கல்வெட்டு கூறுகின்றது. பிற்காலத்தில் தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. நகரின் மிகப்பெரிய ஏரியாகிய பெல்லந்தூரில் கழிவுநீர் கலந்து நுரை பொங்கியது; 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீயும் பற்றியது. அந்நீர் வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகின்றது. அங்கும் நுரை மிதந்ததைத் தமிழக உழவர் கண்டனர்.

உலகின் பெரிய ஏரிகளுள் ஒன்றாயிருந்த ஆரல் கடல் சுருங்கிய காரணம் வேறு. 1960க்குப் பின் அமு, சிர் ஆறுகளின் நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டது. வரவு குன்றிய கடல் வற்றியது. பெங்களூரில் குறைந்தது நீர் தங்கும் இடம். 2022 செப்டம்பரில் மழைநீர் வீடுகளுக்குள் புகுந்ததிலும், 2024 கோடையில் மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதிலும் ஏரிகளின் இழப்புக்குப் பங்குண்டு.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். ஏரியும் வயலும் சூழ்ந்த மருதம் கெட்டால் என்னவாகும்? அதற்கு நம்மிடம் பெயரில்லை. பெயரில்லாத அந்நிலத்தில்தான் நாம் இன்று குடியிருக்கின்றோம்.

ஆயின் இக்கால ஏரிக் கவிதைகளுள் பல, தாமரை போயிற்று, கொக்கு போயிற்று என்று இரங்குவதோடு நின்றுவிடுகின்றன. மதகு எங்கே இருந்தது, கலிங்கு எவ்வாறு தூர்ந்தது, வரத்துக் கால்வாயின்மேல் எழுந்த கட்டடம் எது என்பன அவற்றில் இடம்பெறுவதில்லை. காரணம் கூறாத இரக்கம் எவரையும் சுடாது, பாடுவோரையும் சுடாது. ஏரி நிலத்தில் எழுந்த மனைகளில் நம்மவரும் வாழ்கின்றனர் என்பதை மறைப்பதற்கு அவ்விரக்கம் துணையாகிவிடுகின்றது.

கபிலர் கரையின் வளைவைக்கூடச் சொல்லிச் சென்றார். ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும் அக்குளம் நம் கண்முன் நிற்பது அதனால்தான். நாம் எழுதும் ஏரிப் பாட்டைப் படிப்பவரும், அவ்வேரி எங்கிருந்தது, எவ்வாறு அழிந்தது, யார் காவாமல் விட்டனர் என்று அறிந்துகொள்ள இயலவேண்டும். அவ்வாறு அறிவிக்கும் பாட்டே கபிலரின் வழிவந்தது எனத் துணிந்து கூறுவோம்.