குணமில்லாத காது

தேவாரத்துக்குப் பக்கத்து ஊர் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த மண். இங்கே காதைப் பற்றிப் பேச்செடுத்தால் பாட்டில்தான் போய் நிற்கும். எனக்குப் பிடித்த காது வேறு: ஒலியை அளப்பதற்கென்றே செய்த மைக்.

பாடகர் முன்னால் வைக்கும் மைக்குக்குக் குணம் உண்டு. அடிக்குரலைத் தடிப்பாக்கும், உச்சத்தை மினுக்கும். அந்தப் பாரபட்சத்துக்குத்தான் காசு. அளவீட்டு மைக் தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது. அரை அங்குலக் குழாயின் முனையில் சில மைக்ரான் கனமுள்ள சவ்வு, பின்னால் தலைமுடியைவிடச் சன்னமான இடைவெளி, அப்பால் ஒரு தகடு. அமெரிக்காவில் வென்ட் என்பவர் 1916இல் உருவாக்கிய கன்டென்சர் மைக்கின் தத்துவம்தான் இன்றும்.

அதன் அருமை தெரிய கம்பம் கணவாய்க் காற்று வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் பாயும் அந்தக் காற்றை நம்பித்தான் தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றின் இரைச்சலை அளக்கும் சர்வதேச முறை (ஐஇசி 61400-11) மைக்கை உயரத்தில் நிறுத்தச் சொல்வதில்லை. தரையில் பலகை போட்டு அதன்மேல் படுக்க வைக்கச் சொல்கிறது. உயரத்தில் இருந்தால், நேரே வரும் ஒலியும் மண்ணில் பட்டுத் திரும்பும் ஒலியும் சில அலைவெண்களில் கூடும், சிலவற்றில் ஒன்றையொன்று தின்றுவிடும். உழுத நிலமா, புல்லா, பாறையா என்பதற்கேற்பக் கணக்கும் மாறும். பலகையோடு ஒட்டிக் கிடந்தாலோ இரண்டும் சேர்ந்தே வந்துவிடும்; எல்லா அலைவெண்ணிலும் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். கூடியது தெரிந்தால் கழிப்பதில் என்ன கஷ்டம்? நீக்க முடியாத பிழையை ஒரே சீராக்கிவிடும் இந்தச் சாமர்த்தியம் எனக்குச் சலிப்பதே இல்லை.

மேலே அரைப்பந்து வடிவ நுரைப்பஞ்சு. காற்று மோதி எழுப்பும் குமுறல் காற்றாலையின் சத்தமல்ல என்பது மைக்குக்குத் தெரியாது. அழுத்தம் என்றால் அழுத்தம்தான். பஞ்சையும் மீறி வருவதற்கு, இறக்கையை நிறுத்திவிட்டு வெறுங்காற்றையும் தென்னந்தோப்புச் சலசலப்பையும் தனியே அளந்து கழிக்கிறார்கள்.

வேலைக்கு முன்னும் பின்னும் மைக்கின் தலையில் ஒரு சிறு கருவியைச் செருகுவார்கள். அது 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் ஒலிக்கும். ஒரு பாஸ்கல் அழுத்தம், அவ்வளவே. பாடகருக்குச் சுருதி கொஞ்சம் விலகினால் ரசிகர் பொறுப்பார். இங்கே முடிவில் மைக் காட்டும் அளவு கணிசமாக விலகியிருந்தால் அன்றைய அளவுகளை நம்ப முடியாது.

இத்தனை பாடுபட்டு எடுத்ததைக் கடைசியில் ஒற்றை எண்ணாக்கிவிடுவதில்தான் எனக்கு மனத்தாங்கல். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் விதிக்கும் வரம்பு 45 டெசிபல் (ஏ). அந்த ‘ஏ’ தாழ்ந்த ஒலிகளை வெகுவாகக் குறைத்து எடைபோடும் கணக்கு. மைக் கேட்டதில் அடிப்பகுதி அதில் கரைந்துபோகும். அறிக்கை கைக்கு வந்தால் அலைவெண் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். இறக்கையின் வீச்சு எது, பல்சக்கரப் பெட்டியின் ஊளை எது என்று அதில்தான் பிரிந்து தெரியும்.