தியாவுக்கு வாசித்துக் காட்டும் குரங்கணி

கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலியையும் பத்துப் பதினைந்து தமிழ்க் கதைகளையும் போடியிலேயே இறக்கிக்கொண்டுதான் குரங்கணிக்குப் பஸ் ஏறினேன். முந்தலில் பஸ் திரும்பிவிட்டால் சிக்னலை நம்பமுடியாது. இந்தச் செயலிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிள்ளை வாசிப்பதைக் கேட்டுச் சரி, தப்பு பார்க்கும் வேலை முழுவதும் போனுக்குள்ளேயே நடக்கிறது. குரல் வெளியே போவதில்லை என்கிறது கூகுள்.

இந்தச் செயலி 2019 மார்ச்சில் ‘போலோ’ என்ற பெயரில் இந்திக்கும் ஆங்கிலத்துக்குமாக வந்தது. தமிழ் பிறகு சேர்ந்தது. 2020-இல் பெயர் மாறியது. உத்தரப் பிரதேசத்தின் 200 கிராமங்களில் முன்னோட்டம் நடத்தியபோது, மூன்றே மாதத்தில் 64 சதவீதப் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியதாக நிறுவனம் சொன்னது.

திரையில் தியா என்றொரு பெண். கதையைச் சத்தமாக வாசிக்கவேண்டும். திக்கினால் அந்தச் சொல்லைத் தொட்டால் போதும், தியா சொல்லிக்காட்டுவாள். நன்றாக வாசித்தால் நட்சத்திரம், சேரச்சேரப் பதக்கம், இடையிடையே சொல் விளையாட்டு.

குரங்கணியில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் போனைக் கொடுத்தேன். முதல் பக்கத்தை உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தாள். முணுமுணுத்தால் நட்சத்திரம் விழாது என்று புரிந்ததும் குரல் அடுப்படிவரை கேட்டது. ஏலத்தோட்ட வேலை முடிந்து வந்த அப்பத்தா, “யார்ட்டத்தா பேசுற?” என்றார். “சும்மா இரு அப்பத்தா, ஸ்டார் போயிரும்!”

போனிடம் பேசப் பெரியவர்களே கூசுவார்கள். அந்தக் கூச்சத்தை உடைத்தது தியாவின் இனிமையான குரல் இல்லை, நட்சத்திரம்தான். கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு குறுக்குவழியும் கண்டுபிடித்துவிட்டாள்: புதுக் கதை வேண்டாம், நன்றாகத் தெரிந்த கதையையே திரும்ப எடுப்பது. இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். வாத்தியார் சொல்லியும் இரண்டாம் முறை வாசிக்காத பிள்ளை, தானாகவே திரும்ப வாசிக்கிறது. சொற்கள் சரளமாக வருகின்றன. கதை புரிந்ததா என்பது வேறு கேள்வி. நட்சத்திரம் எண்ணுவது வாயை, மனதை அல்ல. “அப்புறம் அந்த யானை என்னாச்சு?” என்று கேட்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

தமிழக அரசு இதே விளையாட்டைப் பெரிய அளவில் ஆடிப் பார்த்தது. 2022 ஜூன் 1 முதல் 12 வரை, தன்னார்வலர்கள் பாடம் நடத்தும் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இந்தச் செயலியை வைத்து வாசிப்பு மாரத்தான் நடந்தது. ஒன்றியங்களுக்குள் போட்டி, திருச்சி மாவட்டத்து லால்குடி முந்தியது. தன்னார்வலர்களை ஓடவைக்க அது உதவியிருக்கும். பிள்ளைக்கு ஒன்றியமாவது, மாவட்டமாவது! பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை நட்சத்திரம் வைத்திருக்கிறான் என்பதுதான் கவலை.

நான் கொண்டுபோனது மலிவான பழைய போன். வாசலில் ஜீப் உறுமினால் அதன் மைக்குக்கு ஜீப்தான் கேட்கும். உள்ளறையில் உட்காரவைத்தால் சரியாகிவிடுகிறது.

செயலி இலவசம். ஒரே போனில் ஆளுக்கொரு கணக்கு வைக்கலாம். அண்ணன் தங்கை இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் யார் நட்சத்திரம் யாருடையது என்று அடிதடிதான்.